மனச்சோர்வு மாத்திரை நாள்பட எடுத்தால் மூளை மாறிவிடுமா?

கேள்வி: மனச்சோர்வுக்காக ஃப்ளூவாக்ஸடின் 20 மில்லிகிராம் தொடங்கி 10 நாள் ஆகிறது. பலன் ஒன்றும் தெரியவில்லை, படபடப்புதான் கூடியிருக்கிறது. இதை வாரக்கணக்கில் கொடுத்தால் எலிகளின் நடத்தையே மாறுகிறது என்று படித்தேன். பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்த வேண்டாம். படித்தது உண்மைதான். ஆனால் அந்த மாற்றம் வரட்டும் என்றுதான் காத்திருக்கிறோம்.

மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் 'செரடோனின்' என்ற வேதிப்பொருள் கூடத் தொடங்கும். அப்புறம் ஏன் மனசு உடனே தேறுவதில்லை? செரடோனின் சுரக்கும் அணுக்களின் மேலேயே '1ஏ' என்ற ஏற்பிகள், அதாவது செரடோனினை உணரும் புரதங்கள், இருக்கின்றன. செரடோனின் கூடினால் அணுவின் வேகத்தை அடக்குபவை இவை. மருந்து கூட்டப் பார்க்கும், இவை இழுத்துப் பிடிக்கும். இரண்டு மூன்று வாரம் தொடர்ந்து மருந்து கொடுத்த எலிகளில் இந்த ஏற்பிகள் மந்தமாகி, அணுக்கள் பழைய வேகத்துக்குத் திரும்புகின்றன.

நாள்பட்ட மருந்தால் வரும் மாற்றம் நடத்தையிலும் தெரியும். '2ஏ' என்ற இன்னொரு ஏற்பியைத் தூண்டினால், காதில் தண்ணீர் புகுந்தாற்போல் சுண்டெலி தலையை வெடுக்கென்று உதறும். ஆய்வாளர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த உதறல்களை எண்ணுவார்கள். பல மனச்சோர்வு மருந்துகளை நாள்படக் கொடுத்தபின் எண்ணிக்கை குறைந்தது. ஆனால் மனச்சோர்வுக்கு நன்றாகக் கேட்கும் மின் அதிர்ச்சி சிகிச்சை, எலிகளில் அதே உதறலைக் கூட்டியது! அதனால் தலை உதறலை வைத்து மனிதர் மனநிலையை அளந்துவிட முடியாது.

உங்களுக்கு நெருக்கமான சோதனை வேறு. பசியோடு இருக்கும் சுண்டெலியைப் பழகாத, வெளிச்சமான பெட்டியில் விட்டு நடுவில் உணவை வைப்பார்கள். அது சுவரோரமாகவே ஒண்டிக்கொண்டு, எட்டிப் பார்த்துப் பின்வாங்கும். சில நாள் மட்டும் மருந்து கொடுத்தால் இந்தத் தயக்கம் குறைவதில்லை. நான்கு வாரம் கொடுத்தால் சீக்கிரமே போய்ச் சாப்பிடுகிறது. முதல் டோஸ்களில் விலங்குகளுக்குப் பதற்றம் கூடுவதும் உண்டு. உங்கள் படபடப்பும் பெரும்பாலும் அந்த வகைதான்; பலருக்கு ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும்.

ஆனாலும் மருந்து எழுதிய மருத்துவரிடம் இதை இப்போதே சொல்லுங்கள். இருப்புக்கொள்ளாத தவிப்பு, தூக்கமே வராமை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எது வந்தாலும் அன்றைக்கே போய்ப் பாருங்கள். 4 முதல் 6 வாரம் ஆகியும் தேறவில்லை என்றால் டோஸைக் கூட்டலாமா, மருந்தை மாற்றலாமா என்று அவர் முடிவு செய்வார். பின்னாளில் நிறுத்துவதென்றாலும் அவர் சொல்படி படிப்படியாகக் குறையுங்கள்.