துண்டைக் கட்டியவர் யார்?

கேள்வி: எங்கள் சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகையில் பதினெட்டு வருடங்களாக நானும் வேறு நான்கு பெண்களுமே அண்டா கழுவி வருகிறோம். ஆடு கொடுத்தவர், பந்தல் போட்டவர் பெயரெல்லாம் ஒலிபெருக்கியில் வரும். எங்கள் பெயர் ஒருமுறையும் வந்ததில்லை. இந்த வருடம் அது மனதை உறுத்தியது. சபைப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். "தாழ்மையாய்ச் செய்யம்மா, பலன் பரலோகத்தில் இருக்கிறது" என்றார். என்னிடம் அன்பு குறைந்துவிட்டதா?
– வாசகி ஒருவர், நாங்குநேரி வட்டாரம்

பதில்: அம்மா, குறையவில்லை. அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி, தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, மறுநாள் திருவிருந்துக்குக் கை நீட்டும்போதும் நகக்கண்ணில் கரி போகாமல் இருக்கும் வேலையை அன்பில்லாத ஒருவர் பதினெட்டு வருடம் செய்திருக்க முடியாது. உங்கள் மனம் உறுத்தியதற்கு நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. அந்தப் பெரியவர் சொன்ன பதிலில்தான் எனக்கு வருத்தம்.

யோவான் சுவிசேஷம் 13-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். புழுதி படிந்த கால்களைக் கழுவுவது அந்நாளில் வீட்டு அடிமையின் வேலை. அந்த மேல்வீட்டு அறையில் அதைச் செய்ய ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தங்களில் யார் பெரியவன் என்ற வாக்குவாதம் அதே பந்தியில் நடந்ததாக லூக்கா எழுதுகிறார். அப்போது இயேசு சீடர்களில் இளையவனைக் கூப்பிட்டு, "தாழ்மையாய்ச் செய், பலன் உண்டு" என்று சொல்லவில்லை. தாமே எழுந்து, சீலையை அரையில் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்தார். காட்டிக்கொடுக்கப்போகிற யூதாசும் அங்கேதான் இருந்தான். அவன் எழுந்து போனது அதற்குப் பிறகு. கழுவி முடித்தபின் அவர் சொன்ன வார்த்தை, "நீங்களும் ஒருவருடைய கால்களை ஒருவர் கழுவக்கடவீர்கள்" என்பது. ஒருவர் எப்போதும் கழுவுகிறவராகவும் மற்றவர் எப்போதும் கால் நீட்டுகிறவராகவும் இருக்கலாம் என்று அதில் எங்கும் இல்லை.

ஆகவே தாழ்மை என்பது நாமாக எடுத்துக் கட்டிக்கொள்ளும் துண்டு. பிறர் இடுப்பில் கட்டிவிடுவதற்கு அதே பெயர் பொருந்தாது. நம் ஊர்களில் சாதியும் ஆண் பெண் என்ற பாகுபாடும் சேர்ந்து, யார் கறி பரிமாறுவது, யார் எச்சில் இலை எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவதால், இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே டோனாவூர் இருக்கிறது. அயர்லாந்தில் பிறந்து 1901-இல் அங்கு வந்து தங்கிய மிஷனரி ஏமி கார்மைக்கேல், கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டுவதும் துணி துவைப்பதும் பிரசங்கத்துக்குக் குறைந்த ஊழியம் அல்ல என்று கொண்டவர். 1931-இல் விழுந்து அடிபட்டபின், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். தம் கல்லறைமேல் கல் வைக்க வேண்டாம் என்பது அவர் விருப்பம். அவர் வளர்த்த பிள்ளைகள், பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டியை அங்கே வைத்தார்கள். பெயர் வேண்டாம் என்று அவர் தம்மைப் பற்றிச் சொன்னார். உங்கள் பெயர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, ஒலிபெருக்கி பிடித்தவருக்கு இல்லை.

அடுத்த அசனத்துக்கு முன் கூடும் கூட்டத்தில், அண்டா கழுவ இந்த முறை ஆண்களில் நான்கு பேர் வரட்டும் என்று சொல்லுங்கள்; பதில் சொன்ன பெரியவரையே முதலில் அழையுங்கள். ஒரு வருடம் நீங்கள் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் ஊழியம் குறைந்துபோகாது. கழுவ விடமாட்டேன் என்று சொன்ன பேதுருவும் கடைசியில் காலை நீட்டத்தான் வேண்டியிருந்தது.

கேள்வி: இயேசு சீடர்களின் கால்களைக் கழுவியதை நினைக்கும் பெரிய வியாழனன்று ஐயர் (சபைப் போதகர்) கால் கழுவும் பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருகிறார்கள். இது வெறும் சடங்குதானே?
– வாசகர் ஒருவர், பாளையங்கோட்டை

பதில்: சடங்குதான்; நினைவூட்டச் சடங்கும் வேண்டியிருக்கிறது. ஆராதனை முடிந்தபின் அந்த அழுக்குத் தண்ணீரை யார் கொட்டுகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளைதான். ஒரு சபையில் ஐயர் தாமே பாத்திரத்தைப் பின்பக்கம் தூக்கிப்போய்த் தென்னை மூட்டில் ஊற்றிவிட்டு, துண்டைப் பிழிந்து கொடியில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். கோயில்பிள்ளை கையை நீட்டியபடி, என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.