பள்ளிக்கரணையில் ஒரு காலை நடை

கேள்வி: வேளச்சேரிக்குக் குடிவந்திருக்கிறோம். எட்டு வயது மகளுக்குப் பறவைகள் பார்க்க ஆசை. வேடந்தாங்கல்தான் போக வேண்டுமா?
– ஒரு வாசகி, சென்னை

பதில்: பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம் இருக்கிறதே அம்மா! 2022இல் ராம்சர் தகுதி, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், பெற்ற இடம். டிசம்பர், ஜனவரியில் விடிந்ததும் அங்குள்ள நடைபாதைக்குப் போங்கள். வட ஆசியாவிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்துகள் தலைகீழாகக் கவிழ்ந்து மேயும். கூரான வால் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். கோரைப் புல்லோரம் சிவந்த அலகோடு நடப்பது நீலத் தாழைக்கோழி. நான் முதலில் தேடுவது அதைத்தான். நீண்ட கால்விரல்களால் தண்டைப் பிடித்து, நாம் கையால் சாப்பிடுவதுபோலத் தூக்கித் தின்னும். மகளுக்கு அதை அவசியம் காட்டுங்கள். அப்புறம், பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பளிச்சென்ற உடை வேண்டாம். பொரி, பிஸ்கட் எதுவும் போட விடாதீர்கள்.