ஒரே சர்வரில் இரண்டு பிஎச்பி

கேள்வி: எங்கள் கோயில் சங்கத்தின் பழைய இணையதளம் பிஎச்பி என்னும் நிரல்மொழியின் 7.4 பதிப்பில் ஓடுகிறது. தமிழ் வகுப்புச் சேர்க்கைக்காக எழுதிய புதிய தளத்துக்கு 8.3 தேவை. உபுண்டு லினக்ஸும், தளப் பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருளும் உள்ள சர்வர் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு பதிப்புகளையும் நிறுவி, அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ் கட்டளையால் 8.3-க்கு மாற்றிய பிறகும் புதிய தளம் 7.4 என்றே காட்டுகிறது. ஏன்?
- வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: அந்தக் கட்டளை, டெர்மினலில் பிஎச்பி என்று அடித்தால் எந்தப் பதிப்பு இயங்க வேண்டும் என்பதை மட்டுமே மாற்றும். இணையதளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. என்ஜின்எக்ஸ் பிஎச்பி பக்கங்களைத் தானே இயக்காமல் எப்பிஎம் என்னும் பின்னணிச் சேவையிடம் ஒப்படைக்கிறது. பதிப்புக்கு ஒன்றாகத் தனித்தனி எப்பிஎம் சேவையும் தனித்தனி சாக்கெட்டும் (என்ஜின்எக்ஸ் அதனுடன் பேசும் இணைப்பு வாயில்) உண்டு. ஆகவே, புதிய தளத்துக்குரிய அமைப்புக் கோப்பில் பாஸ்ட்சிஜிஐ-பாஸ் வரியை 8.3-இன் சாக்கெட்டுக்கு மாற்றி, பிழை இல்லை என்று சோதித்தபின் என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யுங்கள். பழைய தளத்தின் கோப்பைத் தொட வேண்டாம்.

பிஎச்பிக்குக் கூடுதல் திறன் தரும் நீட்சிகளும் பதிப்புக்குப் பதிப்பு தனியானவை. 7.4-க்கு நிறுவிய, தரவுத்தளத்துக்கான மைஎஸ்கியூஎல், பல பைட் எழுத்துகளைக் கையாளும் எம்பிஸ்ட்ரிங் ஆகியவை 8.3-க்குத் தாமாக வந்துவிடுவதில்லை. மாணவர் பெயர்களைத் தமிழில் வாங்குவதாக இருந்தால் எம்பிஸ்ட்ரிங் அவசியம். யூடிஎப்-8 எழுத்துக் குறியீட்டு முறையில் 'க' ஒன்றே 3 பைட் என்பதால், பைட் கணக்கில் பெயரை வெட்டும் நிரல் எழுத்தையே சிதைத்துவிடும். கோப்புப் பதிவேற்ற வரம்பையும் 8.3-க்குரிய பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் புதிதாக அமைக்க வேண்டும்.

நீங்கள் கேட்காத சிக்கல் ஒன்றும் இருக்கிறது. பழைய தளத்துக்காக இரவில் குறித்த நேரத்தில் தானாக ஓடும் கிரான் வேலைகள், வெறுமனே பிஎச்பி என்று எழுதப்பட்டிருந்தால், இப்போது 8.3-இல்தான் ஓடும். ஈச், கிரியேட்-பங்ஷன் போன்ற செயற்கூறுகள் 8.0-இல் நீக்கப்பட்டுவிட்டதால், அவற்றை நம்பிய நிரல் பாதியில் நின்றுவிடும். கிரான் வரிகளில் 7.4-இன் முழுப் பாதையைக் குறிப்பிடுங்கள்.

பிஎச்பி குழு 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2022 நவம்பரிலேயே நிறுத்திவிட்டது. பழைய தளத்தை மாற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் பக்தர்கள் நேரம் பார்க்கத் தளத்துக்கு வரும் காவடி நாள்களில் அதில் கைவைப்பது சரியன்று. பழைய தளத்தை மாற்றும்வரை இரு தளங்களையும் ஒரே லினக்ஸ் பயனர் பெயரில் ஓடவிடாதீர்கள். நீங்கள் பயனரை மாற்றாவிட்டால் இரண்டு எப்பிஎம் சேவைகளும் உபுண்டுவில் ஒரே பயனரின் கீழ்தான் இயங்கும்; பழைய தளத்தில் நுழைந்தவர் புதிய தளத்தின் தரவுத்தளக் கடவுச்சொல்லையும் படித்துவிடலாம். எந்தப் பயனரின் கீழ் இயங்க வேண்டும் என்பதைச் சொல்லும் எப்பிஎம் பூல் கோப்பில் தளத்துக்கொரு பயனரைக் குறித்து, கோப்பு உரிமைகளையும் அதற்கேற்பப் பிரித்துவிடுங்கள்.