8,000 விமானத்துக்கு மேல வரிசையில நிக்குது, ஓசூர் ஷாப்புக்கு எப்ப வேலை வரும்? கேள்வி பதில்

வணக்கம்ங்க. ஓசூர் சிப்காட்ல இருபது வருஷத்துக்கு மேல பிளானிங் வேலை பாக்கறேன், அதுல பாதிக்கு மேல விமான பாகம் செய்யற ஷாப்புலதான். பேக்லாக் பத்தி கேளுங்கன்னு சொன்னதுக்கு நெறைய கேள்வி வந்திருக்கு, எனக்கு தெரிஞ்சதுக்கு சொல்றேன்.

பாலக்கோடு: அண்ணா, காலேஜ்ல அரியர் விழுந்தா பேக்லாக்னு சொல்லுவோம். விமானக் கம்பெனிக்கு பேக்லாக்னா என்ன?

ஆர்டர் கையெழுத்து ஆச்சு, இன்னும் விமானத்த குடுக்கல, அதான் தம்பி. ஏர்பஸ்ஸுக்கு 2024 கடைசில அப்படி 8,658 விமானம் பாக்கி. அந்த வருஷம் அவங்க குடுத்தது 766. வகுத்துப் பாருங்க, 11 வருஷத்துக்கு மேல வருது. புதுசா ஒரு ஆர்டர்கூட வாங்கலன்னாலும் அதே வேகத்துல 11 வருஷம் ஓட்டற வேலை. இந்த வகுத்தல் கணக்க மொதல்ல பழகிக்கோங்க, வெறும் 8,658ங்கறத மட்டும் வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது.

சூளகிரி: இண்டிகோ 500, ஏர் இந்தியா 470னு ஆர்டர் குடுத்துட்டாங்க, இனி ஓசூர் ஷாப்புக்கெல்லாம் வேலை கொட்டும்ங்கறாங்க. பாகம் வெட்டற ஃபைவ் ஆக்சிஸ் மெஷின் ஒன்னு லோன்ல எடுக்கலாம்னு இருக்கேன் சார், சரியா?

எடுக்காதீங்க. இத கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுமையா படிங்க.

ரெண்டும் 2023ல போட்ட ஆர்டர், உண்மைதான். ஏர் இந்தியாது பிப்ரவரி, 250 ஏர்பஸ் 220 போயிங். இண்டிகோது ஜூன்ல பாரிஸ் ஏர் ஷோவுல. ஆனா இண்டிகோவோட அந்த 500 விமானம் வர்றதா சொன்னது 2030லருந்து 2035க்குள்ள. உங்க லோனுக்கு டியூ அடுத்த மாசமே ஆரம்பிக்கும்.

நான் பட்டத சொல்றேன். 2018ல பெங்களூர்ல ஒரு கம்பெனி வழியா போயிங் 737 விமானத்துக்கு போற சின்ன பிராக்கெட் வேலை எங்க ஷாப்புக்கு வந்துச்சு. இன்னும் பல வருஷத்துக்கு வேலை இருக்குன்னு அவங்க ஆளே வந்து படம் போட்டு காட்டினாரு, நாங்களும் நம்பி 7075 அலுமினியம் பிளேட் சொந்தக் காசுல வாங்கி அடுக்கி வெச்சோம். அந்த அக்டோபர்லயும் அடுத்த மார்ச்லயும் 737ல புது மாடலான மேக்ஸ் விமானம் ரெண்டு விழுந்துச்சு, உலகம் பூரா மேக்ஸ தரையில நிறுத்திட்டாங்க. போயிங் ஏப்ரல்ல மாசம் 52 விமானம் செய்யறத 42ஆ கொறைச்சாங்க, 2020 ஜனவரில லைனையே நிறுத்திட்டாங்க, திரும்ப ஓட ஆரம்பிச்சது மே மாசம். எங்க ஷெட்யூல் கொறஞ்சு கொறஞ்சு கடைசில ஒன்னுமே வரல, பிளேட்டு மட்டும் ஷெட்டுல கெடந்துச்சு, ராத்திரி ஷிப்ட்ல இருந்த ஒம்பது பசங்கள அனுப்ப வேண்டியதாப் போச்சு. அவங்க மூஞ்சி இன்னும் எனக்கு மறக்கல. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, லைன் நின்ன அந்த சமயத்துல போயிங்கோட பேக்லாக் 5,400க்கு மேல. புக்கு நெறஞ்சிருந்துச்சு, நமக்கு வேலை இல்ல. அதனாலதான் சொல்றேன், பேக்லாக் வேற, நம்ம கைக்கு வர்ற பர்சேஸ் ஆர்டர், அதான் பிஓ, வேற. தேதியும் எண்ணிக்கையும் போட்ட பிஓ கையில வந்தா மட்டும் பேங்க்கு போங்க.

அரூர்: போயிங் ஷேர் வாங்கலாமா?

ஷேர் என் துறை இல்லங்க.

காவேரிப்பட்டணம்: நீங்க ஏன் இப்படி பயமுறுத்தறீங்க? கடை முன்னாடி வரிசை நீளமா நின்னா சரக்குக்கு மவுசுன்னுதான அர்த்தம்?

இதுக்கு பர்கூர்லருந்து ஒருத்தர், "வரிசை நீளமா நின்னா உள்ள வேலை ஓடலன்னு அர்த்தம்"னு சண்டைக்கே வந்துட்டாரு. ரெண்டு பேர் சொல்றதுலயும் பாதி பாதி சரி. நம்ம ஊரு மாங்கூழ் ஃபேக்டரியவே எடுத்துக்கோங்க. சீசன்ல பெங்களூரா மாங்கா லோடு ரோடு வரைக்கும் நிக்குது. வெளைச்சல் ஜாஸ்தின்னாலும் நிக்கும், உள்ள பாய்லர் ரிப்பேர்னாலும் நிக்கும். ரோட்டுல நின்னு பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். கேட்டுல மணிக்கு எத்தன வண்டி உள்ள போகுதுன்னு எண்ணினாத்தான் வெவரம் புரியும்.

ஏர்பஸ்ஸுக்கு எண்ணிப் பாப்போம். 2019ல குடுத்தது 863, கடைசில பாக்கி 7,482, அதாவது எட்டரை வருஷத்துக்கு கொஞ்சம் மேல. 2024ல குடுத்தது 766தான், பாக்கி 8,658. ஆர்டரும் கூடிருக்கு, வண்டி உள்ள போற வேகமும் கொறஞ்சிருக்கு, எட்டரை பதினொன்னு ஆனது ரெண்டும் சேந்துதான்.

காவேரிப்பட்டணத்துக்காரர் விடல, மறுபடி கேக்கறாரு: "மாங்கா அழுகும், விமான ஆர்டர் அழுகுமா? அட்வான்ஸ் வாங்கிட்டுதான எழுதறாங்க?" நல்ல கேள்வி. அட்வான்ஸ் வாங்கறது நிஜம், டெலிவரி கிட்ட வர வர தவணையா வாங்குவாங்க. ஆனா ஆர்டரும் அழுகுது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல்ல நின்னுச்சு, கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாசம் திவால் மனு போட்டுச்சு, ரெண்டு பேரு பேர்லயும் நெறைய விமானம் புக்குல இருந்துச்சு. போயிங் இதுக்காகவே 606ங்கற அக்கவுண்டிங் ரூல்படி சந்தேகமான ஆர்டர கழிச்சிட்டு தனியா ஒரு கணக்கு காட்டறாங்க, அப்படி கழியறதே நூத்துக்கணக்குல இருக்கு. பெரிய நம்பர சொல்லி யாராவது வேலை தர்றேன்னு வந்தா கழிச்சதா கழிக்காததான்னு கேளுங்க.

பர்கூர்க்காரருக்கு ஒரு விசயம். போயிங் 2018ல 806 குடுத்தாங்க, 2024ல 348. ஜனவரி 5ல பறக்கும்போதே கதவு இருக்க வேண்டிய எடத்துல இருந்த பேனல் பிச்சுகிட்டு போச்சு, அமெரிக்க விமானத் துறை மாசம் 38 மேக்ஸுக்கு மேல கூடாதுன்னு கட்டுப்பாடு போட்டாங்க, செப்டம்பர்ல 33,000 தொழிலாளிங்க ஸ்டிரைக். அப்பவும் புக்குல 5,500க்கு மேல. நீங்க சொல்ற "உள்ள ஓடல" இங்க நூத்துக்கு நூறு பொருந்தும். ஏர்பஸ்ல அடைப்பு வேற எடத்துல, 2025 ஜூன் கடைசில பாடி வேலை எல்லாம் முடிஞ்சு எஞ்சின் மட்டும் வராம 60 விமானம் நின்னுச்சு. எஞ்சின் வரலன்னா நம்ம பிராக்கெட்ட எத்தன நல்லா செஞ்சாலும் அடுத்த ஷெட்யூல் தள்ளித்தான் போகும்.

பென்னாகரம்: ஓசூர் ஏர்போர்ட் எப்ப வரும்?

2024 ஜூன்ல 2,000 ஏக்கர்ல வரும்னு சட்டசபைல அறிவிச்சாங்க. 150 கிலோமீட்டருக்குள்ள வேற ஏர்போர்ட் கூடாதுன்னு பெங்களூர் ஏர்போர்ட்டோட போட்ட ஒப்பந்தம் குறுக்க இருக்கு. இது பேக்லாக் கேள்வி இல்லங்க.

தருமபுரி டவுன்: வெளிநாட்டு கதை இருக்கட்டும், பக்கத்துல பெங்களூர்லயே போர் விமானம் செய்யற அரசுக் கம்பெனி எச்.ஏ.எல் இருக்கு. அங்க எப்படி?

இதத்தான் எதிர்பாத்தேன். 2024 மார்ச் கடைசில எச்.ஏ.எல் ஆர்டர் புக் 94,000 கோடிக்கு மேல. அடுத்த மார்ச்ல 1.8 லட்சம் கோடிக்கு மேல, பெரிய காரணம் அந்த மாசம் கையெழுத்தான பிரசண்ட்ங்கற போர் ஹெலிகாப்டர் 156. ஒரே வருஷத்துல புக்கு கிட்டத்தட்ட ரெட்டிப்பு. வருமானம்? ரெண்டு வருஷமும் 30,000 கோடியச் சுத்தித்தான். மூணு வருஷ வேலை ஆறு வருஷ வேலையா ஆகியிருக்கு, கேட்டுல வண்டி போற வேகம் அப்படியே இருக்கு. தேஜஸ் மார்க் 1ஏ போர் விமானம் 83க்கு 2021 பிப்ரவரில ஒப்பந்தம், அதுக்கு அமெரிக்க ஜிஇ கம்பெனி எஞ்சின் மொத ஒன்னு வந்ததே 2025 மார்ச்ல. 2025 செப்டம்பர்ல இன்னும் 97 சேத்தாங்க. நம்ம பக்கத்து ஷாப்புங்களுக்கு இதுல நெசமான வாய்ப்பு இருக்கு, நான் மறுக்கல, பசங்க நல்லா வரணும்னுதான் எனக்கும் ஆசை. ஆனா அங்கயும் பேக்லாக் வேற பிஓ வேற.

ஊத்தங்கரை: எச்.ஏ.எல் ஷேர்?

மேல சொல்லிட்டேன்.

மத்தூர்: பேக்லாக் ஏறுதே, மெஷின் போடலாமா?

சூளகிரிக்கு சொன்னத படிங்க. இதே கேள்வி ஏழாவது தடவ வருது, ஏழு பேருக்கும் அதேதான் பதில்.

தேன்கனிக்கோட்டை: அண்ணா, ஒரு பார்ட்டி லெட்டர் குடுத்திருக்காரு, வருஷம் 40 செட் "எதிர்பார்க்கிறோம்"னு. விமான பாகம் செய்யறவங்களுக்கான ஏஎஸ்9100 தர சர்டிபிகேட்டும் எடுக்கச் சொல்றாரு. என்ன பண்ண?

சர்டிபிகேட் எடுங்க, வேற கஸ்டமருக்கும் உதவும். லெட்டருக்கு மூணு கேள்வி கேளுங்க: மொத செட் எந்த தேதி, ஷெட்யூல் தள்ளிப் போனா வாங்கி வெச்ச மெட்டீரியலுக்கு யாரு பணம் குடுப்பா, மொத பீஸ் இன்ஸ்பெக்ஷன் செலவு யாருது. வாயால சொன்னா வேணாம், எழுத்துல வாங்குங்க. வந்த பதில எனக்கு அனுப்புங்க, ஞாயித்துக்கிழம உக்காந்து படிச்சுட்டு சொல்றேன், அதுவரைக்கும் மெஷினுக்கு டோக்கன் அட்வான்ஸ் குடுத்துறாதீங்க.