ஸ்கஃபிளா, ஃப்ராகாவா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் ஆண்கள் விடுதிக் காப்பாளர். சென்ற வாரம் இரவுச் சாப்பாட்டின்போது, தோசை வரிசையில் முந்திப் போன இரண்டாமாண்டு மாணவனை மூன்றாமாண்டு மாணவன் ஒருவன் கன்னத்தில் அறைந்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து விலக்கினார்கள். நிர்வாகத்துக்கு ஆங்கிலத்தில் அறிக்கை தர வேண்டும். 'ஸ்கிர்மிஷ்' என்று எழுதிக் கொடுத்தேன். "மெஸ்ஸுக்குள்ள ராணுவம் எப்ப வந்துச்சு?" என்று முதல்வர் சிரித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அகராதியைப் புரட்டினால் ஸ்கஃபிள், ப்ரால், டிஃப், ஸ்பாட், ஆல்டர்கேஷன், ஃப்ராகா என்று போய்க்கொண்டே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் 'சச்சரவு, சிறு சண்டை' என்றே பொருள் போட்டிருக்கிறார்கள். எதை எங்கே எழுதுவது?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல்வர் சிரித்ததில் நியாயம் இருக்கிறது. ஸ்கிர்மிஷ் படைவீரர்களின் சொல். பெரும்படைகள் மோதுவதற்கு முன்னால் சிறு பிரிவுகள் உரசிப் பார்ப்பது அது. 2020 மே மாதம் சிக்கிமின் நாகு லாவில் இந்திய வீரர்களும் சீன வீரர்களும் கைகலந்தார்களே, அதற்குப் பொருந்தும். அடுத்த மாதம் 15ஆம் தேதி கல்வானில், துப்பாக்கி வெடிக்காமலே, 20 இந்திய வீரர்கள் உயிரிழந்தார்கள். அதையும் சிலர் ஸ்கிர்மிஷ் என்றே எழுதினார்கள். எனக்கு அது உறுத்தியது.

ஒரு கொசுறு: இந்த ஸ்கிர்மிஷ்தான் உருமாறி ரக்பி ஆட்டத்தில் இரண்டு அணியும் முட்டித் தள்ளும் 'ஸ்க்ரம்' ஆனது, ரக்பியிலிருந்து மென்பொருள் கம்பெனிகளுக்குப் போனது. உங்கள் பழைய மாணவர்கள் இன்று சென்னை ஓ.எம்.ஆர். சாலைக் கம்பெனிகளில் காலைதோறும் ஸ்க்ரம் மீட்டிங்கில் நிற்கும்போது, பெயரளவில் சண்டைக்குத்தான் நிற்கிறார்கள். சில டீம்களில் பெயரளவில் மட்டும் என்று சொல்ல முடியாது.

மற்ற சொற்களைப் பிரிக்க முதலில் கேட்க வேண்டியது, வாயா கையா என்பது. டிஃப், ஸ்பாட், ஸ்குவாபிள் மூன்றும் வாயோடு நிற்பவை. டிஃப் நெருக்கமானவர்களுக்குள் வருவது. அதை 'ஊடல்' என்று மொழிபெயர்ப்பவர்கள் உண்டு, எனக்குச் சம்மதமில்லை. ஊடலில் ஒருவர் பிணங்க, மற்றவர் தணிக்க வேண்டும். டிஃப்பில் இரண்டு பேருமே முறைத்துக்கொண்டு இருப்பார்கள், சாயங்காலம் காபியோடு சரியாகிவிடும். ஸ்பாட் சின்னக் காரணத்துக்கு வரும் சுருக்கமான சண்டை. நாடுகளுக்கு இடையிலும் வரும். ஸ்குவாபிள் என்றால் சின்னப் பிள்ளைகள் மாதிரி வாய்ச்சண்டை போடுகிறார்கள் என்ற இளக்காரம் சேர்ந்தே வந்துவிடும். மேலதிகாரிகளைப் பற்றி எழுதும்போது தவிர்ப்பது உத்தமம். ஆங்கில நாளிதழ்த் தலைப்புகளில் காவிரியிலிருந்து கட்சிப் பூசல் வரை எல்லாவற்றுக்கும் வரும் 'ரௌ' மூன்றே எழுத்து, ஒற்றைப் பத்தியில் அடங்கும். அதன் செல்வாக்குக்கு அதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

ஆல்டர்கேஷனும் வாய்ச்சண்டைதான், ஆனால் காக்கிச்சட்டை போட்டது. நம் செய்திகளில் "வாக்குவாதம் முற்றிக் கைகலப்பாக மாறியது" என்று ஒரு வாக்கியம் மாறாமல் வருமே, அந்த வாக்குவாதம் ஆல்டர்கேஷன், அந்தக் கைகலப்பு ஸ்கஃபிள். நம்மூர் ஆங்கில நிருபர்கள் வாக்குவாதத்துக்கு 'வேர்டி டூயல்' என்றும் எழுதுவார்கள். லண்டனில் அதைச் சொன்னால் விழிப்பார்கள்.

ஸ்கஃபிளில் பிடித்து இழுப்பது, தள்ளுமுள்ளு, சட்டை கிழிவது வரை உண்டு. பெரிய காயம் இருக்காது. ப்ரால் அதைவிட முரட்டுத்தனமானது, கூச்சலும் குடியும் பெரும்பாலும் கூட வரும். அஃப்ரே என்று ஒன்று கண்ணில் பட்டால் மட்டும் கை வைக்காதீர்கள். அது சட்டப்பிரிவு. நம் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 194ஆம் பிரிவுப்படி, இரண்டு பேரோ அதற்கு மேலோ பொது இடத்தில் அடித்துக்கொண்டு பொது அமைதியைக் குலைத்தால்தான் அஃப்ரே; ஒரு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கிலாந்தின் 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒற்றை ஆளே அஃப்ரே செய்ய முடியும், பொது இடமாக இருக்க வேண்டியதும் இல்லை. கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸ் மீது, பிரிஸ்டலில் ஓர் இரவு விடுதிக்கு வெளியே 2017இல் நடந்த அடிதடிக்காக வந்த வழக்கு இதுதான். பத்திரிகைகள் ப்ரால் என்றன, குற்றப்பத்திரிகை அஃப்ரே என்றது. 2018 ஆகஸ்டில் நிரபராதி என்று விடுவிக்கப்பட்டார்.

கடைசியாக ஃப்ராகா. எழுத்தில் கடைசியில் 'எஸ்' இருந்தாலும் பிரிட்டிஷ்காரர்கள் அதை உச்சரிப்பதில்லை, அமெரிக்காவில் 'ஃப்ரேக்கஸ்'. பல பேர் சேர்ந்து போடும் அமளி என்று அர்த்தம். 2015 மார்ச் 10ஆம் தேதி பிபிசி ஓர் அறிக்கை விட்டது: தயாரிப்பாளர் ஒருவருடன் நடந்த ஃப்ராகாவை அடுத்து, டாப் கியர் என்ற கார் நிகழ்ச்சியின் தொகுப்பாளர் ஜெரமி கிளார்க்சன் இடைநீக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்று. 'ஒருவருடன் நடந்த' என்று வாசித்தால் என்ன தோன்றும்? இரண்டு ஆம்பளைகள், ஆளுக்கு நாலு போட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதானே? பாதி நாடு அதை வேடிக்கையாகவே பேசியது. இரண்டு வாரம் கழித்து விசாரணை முடிவு வந்தது. படப்பிடிப்பு முடிந்து ஹோட்டலுக்கு வந்த கிளார்க்சனுக்குச் சூடான சாப்பாடு கிடைக்கவில்லை. அந்த ஆத்திரத்தில் தயாரிப்பாளரை வசைபாடி, அடித்திருக்கிறார். அடி ஏறத்தாழ 30 விநாடி நீடித்தது. தயாரிப்பாளரின் உதடு வீங்கி ரத்தம் வந்தது. அவர் திருப்பி அடிக்கவே இல்லை. கிளார்க்சனின் ஒப்பந்தத்தை பிபிசி புதுப்பிக்கவில்லை.

இங்கேதான் உங்கள் அகராதி உங்களைக் கைவிடுகிறது. இந்தச் சொற்கள் அத்தனையிலும், இங்கிலாந்துச் சட்டத்தின் அஃப்ரே நீங்கலாக, இரண்டு தரப்பு உள்ளே இருக்கிறது. எதை எடுத்தாலும் பழி சரிபாதியாகிவிடும். போதாக்குறைக்கு ஸ்கஃபிளுக்குப் பக்கத்தில் வழக்கமாக 'ப்ரோக் அவுட்' என்ற வினை வந்து உட்காரும். மழை பெய்வது போலச் சண்டை தானாக மூண்டுவிடும், மூட்டியவன் வாக்கியத்திலேயே இருக்க மாட்டான்.

இப்போது உங்கள் கடிதத்தை நீங்களே இன்னொரு முறை படியுங்கள். இளையவன் வரிசையில் முந்தினான், அது தப்பு. பெரியவன் அறைந்தான். இளையவன் கை ஓங்கியதாக நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. அப்படியென்றால் அங்கே சண்டையே நடக்கவில்லை. ஸ்கிர்மிஷை எடுத்துவிட்டு ஸ்கஃபிளைப் போட்டால் முதல்வர் சிரிக்காமல் கையெழுத்துப் போடுவார், ஆனால் அறை வாங்கிய பையனும் விளக்கக் கடிதம் எழுத வேண்டி வரும்.

தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங் தடைச் சட்டம் இருக்கிறது. சீனியர் ஜூனியரை அடித்தது ராகிங்கா, வெறும் கோபமா என்று விசாரிப்பவர்கள் முடிவு செய்யட்டும். அறை என்ற விஷயமே அறிக்கையில் இல்லாவிட்டால் அவர்கள் எதை விசாரிப்பார்கள்? தேதி, நேரம், இடம், வரிசை, இன்னார் இன்னாரைக் கன்னத்தில் அறைந்தார், இன்னார் விலக்கினார். ஆங்கிலத்தில் அறைவதற்கு 'ஸ்லாப்' என்று எளிய வினை இருக்கிறது, அதைப் போடுங்கள். இளையவனும் திருப்பி அடித்திருந்து நீங்கள் எழுத மறந்திருந்தால் மட்டும் ஸ்கஃபிள்.