இங்கிலாந்தில் தனிமை: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

நான் இங்கிலாந்தின் மிட்லேண்ட்ஸ் பகுதியில் மனநலச் செவிலியராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். தனிமை, மனச்சோர்வு பற்றி வந்த கேள்விகளில் பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். மருந்து எழுதித் தருவது மருத்துவர் வேலை. அவரிடம் எப்படிப் போவது, போகும்வரை என்ன செய்வது என்பதை நான் சொல்ல முடியும். நடைமுறைகள் இங்கிலாந்துக்கானவை. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சில மாறும்.

கேள்வி: அக்கா, செப்டம்பரில் எம்.எஸ்சி. படிக்க வந்தேன். நவம்பரிலிருந்து காலையில் எழவே முடியவில்லை. வகுப்பு இல்லாத நாளில் அறையை விட்டு வெளியே போவதில்லை. தினமும் மூன்று மணி நேரம் வீட்டோடு வீடியோ காலில் இருக்கிறேன். வைத்ததும் அழுகை வருகிறது. அப்பா நிலத்தை அடமானம் வைத்து அனுப்பியிருக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: தம்பி, நீங்கள் சோம்பேறி இல்லை. இரண்டு வாரமாக, பெரும்பாலான நாட்களில், எதிலும் மனம் ஒட்டாமல், தூக்கமும் பசியும் மாறிப்போயிருந்தால் அது மனச்சோர்வா என்று நாங்கள் விசாரிப்போம். உங்களுக்கு அந்த விசாரிப்பு தேவை. இந்த வாரமே பல்கலைக்கழகத்தின் வெல்பீயிங் (மாணவர் நல) பிரிவுக்கு மின்னஞ்சல் போடுங்கள், கட்டணம் கிடையாது. ஜி.பி. என்கிற உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவரிடம் பதிவு செய்யவில்லை என்றால் அதையும் செய்துவிடுங்கள். விசாவுக்காக ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டித்தானே வந்திருக்கிறீர்கள்.

இனி அந்த மூன்று மணி நேரம். குளிர்காலத்தில் ஊர் நமக்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இங்கே மதியம் மூன்று என்றால் அங்கே இரவு எட்டரை. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், டி.வி. ஓடும், அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருப்பார். நாம் ரைஸ் குக்கர்மேல் போனைச் சாய்த்துவைத்துவிட்டு அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறோம். அங்கே விளக்கை அணைத்துப் படுக்கும்போது இங்கே மணி ஐந்தரை. வெளிச்சம் போயாகிவிட்டது, மாலை முழுக்க மிச்சம் இருக்கிறது, பேச ஆள் இல்லை. உங்கள் அழுகை அந்த நேரத்தில் வருவதில் ஆச்சரியமே இல்லை.

பேசுவதை நிறுத்தச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றுங்கள். காலை பத்து, பதினொரு மணிக்கு, அரை மணி நேரம், காதில் மாட்டிக்கொண்டு வெளியே நடந்தபடி பேசுங்கள். வெளிச்சமும் கிடைக்கும், நடையும் ஆகும். மாலையை இந்த ஊருக்கு விடுங்கள்.

வாரத்தில் ஒரு கிழமை, ஒரே நேரம், ஒரே இடம் என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வராவிட்டால் ‘எங்கே ஆளைக் காணோம்’ என்று ஒருவராவது கேட்க வேண்டும். நண்பர்களைத் தேடிப் போவதைவிட இது எளிது, ஏனென்றால் அங்கே யாரிடமும் பேச்சுக் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பூங்காக்களில் நடக்கும் பார்க்ரன் நல்ல தொடக்கம். 2004 இல் லண்டன் புஷி பூங்காவில் ஆரம்பித்தது. 5 கிலோமீட்டர், இலவசம், நடந்தே முடிக்கலாம். ஓட விருப்பமில்லை என்றால் தன்னார்வலராகப் பெயர் கொடுங்கள். பட்டியலில் பெயர் இருந்தால் போர்வையை விலக்க ஒரு காரணம் கிடைக்கும்.

அப்பாவிடம் மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: “குளிர்காலம் மனசை அழுத்துதுப்பா, டாக்டரைப் பார்க்கிறேன், படிப்பை விடமாட்டேன்.” கஷ்டத்தை மட்டும் சொன்னால் அவர் ராத்திரி தூங்கமாட்டார். எதுவுமே சொல்லாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. கட்டுரைகள் தாமதமாகும் போலிருந்தால், கெடு தேதிக்கு முன்பே உடல்நலக் காரணத்தைச் சொல்லி அவகாசம் கேட்கும் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள். கெடு தாண்டியபின் கேட்டால் இழுபறிதான்.

கேள்வி: குளிர்கால மனச்சோர்வு உண்மையா? விளக்கு வாங்கலாமா? வைட்டமின் டி?

பதில்: உண்மைதான். 1984 இல் மருத்துவ ஆய்விதழில் வர்ணிக்கப்பட்டு, அதன்பின் உலகம் முழுக்க ஏற்கப்பட்டது. டிசம்பர் கடைசியில் லண்டனில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைகிறது. விளக்கு என்றால் 10,000 லக்ஸ் என்று போட்டிருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் முகத்துக்கு எதிரே வையுங்கள். சிலருக்கு நன்றாகவே வேலை செய்கிறது. இருதுருவ (பைபோலார்) மனநோயோ கண் நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வாங்காதீர்கள்.

அக்டோபர் முதல் மார்ச் தொடக்கம் வரை தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுக்கும்படி என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) எல்லோருக்கும் சொல்கிறது. நம் தோல் நிறத்துக்கு ஆண்டு முழுவதும் எடுப்பது நல்லது. அது எலும்புக்கும் தசைக்கும். மனச்சோர்வுக்கு அதையே மருந்தாக நம்பி உட்காராதீர்கள்.

கேள்வி: மனநலத்துக்கு டாக்டரைப் பார்த்தால் விசா புதுப்பிக்கும்போது தெரியுமா?

பதில்: இல்லை. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தீர்கள் என்பதற்காக விசாவை மறுப்பதில்லை. ஜி.பி.யிடம் பேசுவது கம்பெனிக்கும் போகாது. உயிருக்கு ஆபத்து போன்ற சூழலில் மட்டும் தேவையான ஆட்களிடம் சொல்வோம். இந்தப் பயத்தாலேயே மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, நிலைமை முற்றியபின் எங்களிடம் வருகிறவர்களைப் பார்க்கிறேன். மனம் வலிக்கிறது.

இன்னொன்று. நம்மவர்கள் ஜி.பி.யிடம் போய் தலைவலி, அசதி, நெஞ்சு படபடப்பு என்று உடம்பை மட்டும் சொல்கிறோம். பத்து நிமிடத்தில் அவர் பாராசிட்டமால் சொல்லி அனுப்பிவிடுவார். “இரண்டு வாரத்துக்கு மேலாக மனம் சரியில்லை” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். தைராய்டு, பி12, இரும்புச்சத்து ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைந்து இதே போல அசதி வருவதுண்டு. பேச்சுச் சிகிச்சைக்கு ஜி.பி. கடிதமே வேண்டாம். என்.எச்.எஸ். டாக்கிங் தெரபீஸ் என்று தேடி நீங்களே பதியலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அதற்குக் காசு இல்லை. கணவரையோ பிள்ளையையோ மொழிபெயர்க்க உட்காரவைக்காதீர்கள்.

கேள்வி: கேர் ஹோமில் வேலை செய்கிறேன். 2024 கடைசியில் வந்தேன். கணவரையும் பிள்ளைகளையும் அழைத்துவர வழியில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். நாலு வயசு சின்னவள் போனில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். யாரையோ பெற்ற அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டு என் பிள்ளையை விட்டுவிட்டேனே என்று இருக்கிறது.

பதில்: தங்கச்சி, உங்களைப் போன்றவர்கள் இப்போது அதிகம். 2024 மார்ச் 11 முதல் கேர் வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாது என்று விதி மாறிவிட்டது. அடுத்தவர் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வந்தவர்களைச் சொந்தப் பிள்ளையிடமிருந்து பிரித்துவைக்கும் விதி இது. சரி என்று என் மனம் ஒருநாளும் ஒப்பவில்லை. உங்கள் துக்கத்தை நோய் என்று சொல்லமாட்டேன். பிள்ளையைப் பிரிந்தவளுக்கு அது வரும்.

சின்னவளுக்கு உங்கள்மேல் வெறுப்பில்லை. அந்த வயதில் ஏக்கம் வந்தால் முகம்தான் திரும்பும். “அம்மாவை மறந்துட்டியா?” என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு அவளிடம் பதில் இல்லை. பேச வைக்காமல் சேர்ந்து ஒன்று செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஒரே படப் புத்தகம் இருக்கட்டும், தினம் நாலு பக்கம் வாசியுங்கள். அவள் படம் வரையட்டும், நீங்களும் இங்கே வரையுங்கள். ஷிஃப்ட் நாளில் கூப்பிட முடியாது என்றால் தூங்கவைக்கும் பாட்டைக் குரல் பதிவாக அனுப்புங்கள். ரோட்டா (ஷிஃப்ட் அட்டவணை) வந்ததும் அம்மா கூப்பிடும் நாட்களைக் காலண்டரில் வட்டம் போடச் சொல்லுங்கள். குழந்தைக்கு நீளமான பேச்சு முக்கியமில்லை, சொன்ன நாளில் போன் வருவதுதான் முக்கியம்.

உங்களுக்கு: இரவு ஷிஃப்ட் முடிந்து வந்ததும் போனில் உட்காராமல் முதலில் தூங்குங்கள். தூக்கம் கெட்டால் மற்றதெல்லாம் இரட்டிப்பாகத் தெரியும். சம்பளம் பிடித்தம், மிரட்டல் என்று ஏதாவது நடந்தால் ‘ஸ்பான்சர் போய்விடும்’ என்ற பயத்தில் தனியாக விழுங்காதீர்கள். வேலையிடத் தகராறுகளுக்கான ஏகாஸ் அமைப்பின் உதவி எண் 0300 123 1100; வேலை உரிமை பற்றி இலவசமாக ஆலோசனை சொல்வார்கள்.

கேள்வி: கணவர் ஐ.டி.யில் இருக்கிறார். காலையில் போனால் ஏழு மணிக்குத்தான் வருவார். ஒன்றரை வயது மகனோடு நாள் முழுக்க நான்கு சுவர். டிபெண்டன்ட் விசா. ஆங்கிலம் தடுமாறும். சில நாள் குழந்தை அழுதால்கூட எழத் தோன்றவில்லை.

பதில்: கடைசி வரியை ஜி.பி.யிடமோ, ஹெல்த் விசிட்டர் என்கிற தாய்-சேய் நலச் செவிலியரிடமோ இந்த வாரமே சொல்லுங்கள். குழந்தைக்கு ஐந்து வயது ஆகும்வரை ஹெல்த் விசிட்டர் சேவை உண்டு, அது தாய்க்கும் சேர்த்துத்தான். குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று சிலர் பயமுறுத்துவார்கள். தாய் உதவி கேட்டாள் என்பதற்காக யாரும் அப்படிச் செய்வதில்லை.

பகலுக்கு ஒரு வழி. பெரும்பாலான நூலகங்களில் குழந்தைகளுக்கான பாட்டு நேரம் உண்டு, இலவசம். நான்கு வாரம் ஒரே இடத்துக்குப் போங்கள். முதல் வாரம் யாரும் பேசமாட்டார்கள், இந்த ஊர்க்காரர்கள் அப்படித்தான், உங்கள்மேல் குறையில்லை. மூன்றாவது வாரம் ஒருத்தி உங்கள் பையன் பெயரைக் கேட்பாள். இந்த நாட்டில் 2018 இல் தனிமைக்கென்றே ஓர் அமைச்சரை நியமித்தார்கள். இப்போது ஜி.பி. கிளினிக்குகளில் சோஷியல் பிரிஸ்கிரைபர் என்று ஒருவர் இருப்பார். மாத்திரைக்குப் பதிலாக ஆங்கில வகுப்பு, தாய்மார் குழு என்று உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே அவர் வேலை. ரிசப்ஷனில் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். கணவரின் வேலை விசாவோடு வந்தவர் என்றால் நீங்கள் வேலைக்கும் போகலாம்.

உங்கள் கணவரும் அவர் வீட்டாரும் நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனாலும் இதைப் படிக்கிற யாருக்காவது போன், பணம், பாஸ்போர்ட் எதுவும் கையில் இல்லை என்றால் அது தனிமைப் பிரச்சினை மட்டுமல்ல. குடும்ப வன்முறை உதவி எண் 0808 2000 247 இல் இருபத்துநான்கு மணி நேரமும் பேசலாம், இலவசம்.

கேள்வி: பிள்ளை, நான் யாழ்ப்பாணத்திலை இருந்து வந்து மகனோடை லண்டனிலை இருக்கிறன். வயது 74. மனுசி போய் இரண்டு வருசம். எல்லாரும் வேலைக்குப் போனால் வீட்டிலை ஒரு சத்தமும் இல்லை. பேரப்பிள்ளையளுக்குத் தமிழ் விளங்குது, பேசாதுகள். பாரமாய் இருக்கிறன் எண்டு நினைப்பு.

பதில்: ஐயா, உங்கள் மனைவியின் இழப்பும் ஊரின் இழப்பும் ஒன்றாக வந்திருக்கிறது உங்களுக்கு. லண்டனில் வசிக்கும் பெரியவர்கள் பேருந்தில் காசில்லாமல் போகலாம். மகனிடம் சொல்லி ப்ரீடம் பாஸுக்கு விண்ணப்பியுங்கள். ஹைகேட் முருகன் கோயில், விம்பிள்டன் பிள்ளையார் கோயில், அல்பேர்ட்டன் ஈழபதீஸ்வரர் என்று எது பக்கமோ, ஒரே கிழமையில் போய்வாருங்கள். கும்பிட்டுவிட்டு உடனே திரும்பாமல் பூக்கட்ட, பரிமாற ஒரு கை கொடுங்கள். பேரப்பிள்ளைகளைத் தமிழ் பேசச் சொல்லிக் கேட்காமல் உங்களுக்குத் தெரிந்த ஒன்றைக் கையில் கொடுங்கள்: தாயம், கேரம், தேங்காய் திருவுவது. பேச்சு அதற்குள் வரும். பகலில் யாரிடமாவது பேசவேண்டும் போலிருந்தால் சில்வர் லைன், 0800 4 70 80 90, முதியவர்களுக்கென்றே இருக்கிறது; ஆங்கிலத்தில்தான் பேசுவார்கள். பாரமாக இருக்கிறேன் என்ற நினைப்பு நாள்முழுக்க நிற்கிறது, சாப்பாடு இறங்கவில்லை என்றால் மகனிடம் மறைக்காமல் சொல்லி ஜி.பி.யிடம் போங்கள்.

கேள்வி: எல்லோரும் தமிழ்ச் சங்கம் போ என்கிறார்கள். போனால் சம்பளம், விசா, கடைசியில் சுற்றிவளைத்துச் சாதி. திரும்பி வரும்போது இன்னும் தனியாக உணர்கிறேன்.

பதில்: போகாதீர்கள். தமிழ் பேசுகிறார் என்பதற்காக ஒருவர் உங்களுக்கு நண்பராகிவிடமாட்டார். கிரிக்கெட், உணவு வங்கியில் தன்னார்வ வேலை, மாலை வகுப்பு என்று வேறு வாசல்கள் இருக்கின்றன. ஊரில் உங்களுக்கு எது பிடித்திருந்ததோ அதில் தொடங்குங்கள்.

கேள்வி: ஜி.பி. மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் மாத்திரை கொடுத்திருக்கிறார். ஒரு வாரம் ஆகிறது, பலனில்லை. பழகிவிடும் என்று அம்மா நிறுத்தச் சொல்கிறார்.

பதில்: பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் நாட்களில் குமட்டலும் படபடப்பும் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். இது போதை மருந்து இல்லை, ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தடுமாறும். நிறுத்துவதானால் மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான். ஆரம்பத்தில் சாகவேண்டும் என்ற எண்ணம் கூடினால் காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். எண்கள் கீழே.

கேள்வி: வெள்ளிக்கிழமை மட்டும் குடித்தவன் இப்போது தினமும் இரவு இரண்டு பெக். அப்போதுதான் தூக்கம் வருகிறது.

பதில்: மது தூங்கவைக்கும், அதிகாலை மூன்று மணிக்கு எழுப்பியும் விடும். அந்த நேரத்து மனம் மிக மோசமாக இருக்கும். நாள்தோறும் குடிக்கிற அளவை எழுதிவைத்துக்கொண்டு ஜி.பி.யிடம் காட்டுங்கள். காலையில் கை நடுங்கினால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள், வலிப்பு வரக்கூடும்.

கேள்வி: கூட இருக்கும் பையன் சில நாளாக “இருந்து என்ன பிரயோஜனம்” என்கிறான். அவன் புது லேப்டாப்பை எனக்கே கொடுத்துவிட்டான். நேராகக் கேட்டால் தூண்டிவிட்ட மாதிரி ஆகுமா?

பதில்: ஆகாது. இன்று இரவே கேளுங்கள். “சாகலாம் என்று நினைக்கிறாயா?” என்று அதே வார்த்தையில். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வருவதில்லை, கேட்க ஆள் இருக்கிறது என்ற ஆறுதல்தான் வரும். ஆமாம் என்றால் புத்திமதி சொல்லாதீர்கள், வீட்டுக் கஷ்டத்தை நினைவுபடுத்தாதீர்கள், தனியாக விடாதீர்கள். 111 ஐக் கூப்பிட்டு 2 ஐ அழுத்தினால் மனநல நெருக்கடிக் குழுவிடம் போகும். ஏதாவது செய்துகொள்ளத் தொடங்கிவிட்டான், அல்லது இப்போதே செய்யப் போகிறான் என்றால் அவசர எண் 999. யாரிடமாவது பேசினால் போதும் என்கிற நிலை என்றால் சமாரிட்டன்ஸ் என்ற தொண்டு அமைப்பின் எண் 116 123, இரவு பகல் எந்நேரமும், இலவசம். நீங்களும் அதே எண்ணில் பேசலாம், இதைச் சுமப்பது உங்களுக்கும் பாரம்தான்.

அவசரப் பிரிவுக்குப் போனால் கூடவே போங்கள். சார்ஜர், ஸ்வெட்டர், சாப்பிட ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள். பல மணி நேரம் காக்கவைப்பார்கள். லேப்டாப்பை அவனுக்காகப் பத்திரமாக வைத்திருங்கள்.