கொள்ளுத்தாத்தாவின் கைரேகைக்கு ஏஜெண்ட் எதற்கு?

கேள்வி: என் மகள் சிட்னியில் இருக்கிறாள். மருமகன் சீன வம்சாவளி, அங்கே நான்காவது தலைமுறை. அவருடைய கொள்ளுத்தாத்தா 1890களில் வந்து காய்கறித் தோட்டம் போட்டவராம். ‘ஆ யீ’ என்ற பெயரும் ஒரு புகைப்படமும்தான் மிச்சம். பேத்திக்காகக் குடும்ப வரலாறு எழுதுகிறோம். 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம், குடியுரிமைச் சான்று எல்லாம் எடுத்துத் தருவதாகச் சொல்லி ஓர் ஏஜெண்ட் 1,800 டாலர் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. அவர் தருவதாகச் சொல்லும் இரண்டுமே கிடையாது.

பிரிட்டனில் 1911 படிவங்கள் பத்திரமாக இருக்கின்றன. ஆஸ்திரேலியாவிலோ எண்ணிக்கை எடுத்து முடித்ததும் வீட்டுப் படிவங்களை அழித்துவிட்டார்கள். பிரிட்டனில் இருப்பதால் ஆஸ்திரேலியாவிலும் இருக்கும் என்று நம்புகிறவர்களிடம்தான் இந்த வியாபாரம் நடக்கிறது. குடியுரிமைச் சான்றும் அப்படித்தான். சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1888லேயே சீனர்களுக்கு அதை நிறுத்திவிட்டது. 1904 முதல் நாடு முழுக்க ஆசியர்களுக்குக் கதவடைப்பு. 1890களில் வந்தவருக்கு யார் கொடுத்திருப்பார்கள்? இதையெல்லாம் தெரிந்துகொண்டே காசு வாங்குகிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

சரி, எங்கே தேடுவது? 1901 குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஒரு டிக்டேஷன் தேர்வு இருந்தது. ஐரோப்பிய மொழி ஒன்றில் 50 சொற்களை அதிகாரி சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எந்த மொழி என்பது அவர் இஷ்டம். ஏற்கெனவே குடியிருந்த சீனர்கள் ஊருக்குப் போய்த் திரும்பும்போது இதில் மாட்டாமல் இருக்க விலக்குச் சான்றிதழ் வாங்கினார்கள். அதில் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் எடுத்த படம், கைரேகை, கப்பல் பெயர், போன தேதி, வந்த தேதி எல்லாம் இருக்கும். நியூ சவுத் வேல்ஸ் சான்றிதழ்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘எஸ்டி84/1’ (ST84/1) என்ற வரிசையில் உள்ளன. காப்பகத்தின் இணையதளத்தில் தேடக் காசில்லை.

பெயரில் கவனம். ‘ஆ’ என்பது குடும்பப் பெயர் அல்ல, கூப்பிடும்போது முன்னால் சேர்ப்பது. குமாஸ்தா அதையும் சேர்த்து எழுதிவிட்டார். பாஸ்போர்ட்டில் நம் அப்பா பெயர் ‘சர்நேம்’ ஆன கதைதான். யீ, ஆ யீ, ஈ என்று எழுத்தை மாற்றி மாற்றித் தேடுங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ‘தாத்தா சிட்னியிலேயே பிறந்தவர், குடியேற்றக் கோப்பில் அவர் ஏன் இருக்கப் போகிறார்’ என்று விட்டுவிடாதீர்கள். அங்கே பிறந்த சீனக் குழந்தைகளும் படிப்புக்கோ உறவினர் வீட்டுக்கோ சீனா போனால், திரும்பி வரும்போது தான் யார் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதனால் பலருக்கு இதே சான்றிதழை வாங்கினார்கள். பெண் பிள்ளைகள், கைக்குழந்தைகளின் படங்கள்கூட அங்கே இருக்கின்றன. ஆகவே கொள்ளுத்தாத்தாவோடு நிறுத்தாமல் அவருடைய ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் தேடுங்கள். பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள்.

அடுத்தது இறப்புச் சான்றிதழ். மாநிலப் பதிவகத்தின் இணையதளத்தில் 30 வருடத்துக்கு முந்தைய இறப்புகளின் அட்டவணையை இலவசமாகப் பார்க்கலாம். பிறந்த ஊர், எத்தனை வருடம் அங்கே இருந்தார், யாரை மணந்தார், பிள்ளைகள் யார் என்று பெரும்பாலும் அதில் இருக்கும். சான்றிதழுக்கு மட்டும் பதிவகத்திடமே பணம் கட்டுங்கள்.

பிறப்பு இறப்பு மாநிலத்திடம், விலக்குச் சான்றிதழ் மத்திய அரசிடம், 1922 வரை வந்த கப்பல்களின் பயணிகள் பட்டியல் மறுபடி மாநிலத்திடம். ஒரே மனிதரின் வாழ்க்கையை இப்படிப் பிய்த்து வைத்தால் சாதாரண ஜனங்கள் என்ன செய்வார்கள்? தேசியக் காப்பகத்தின் சில கோப்புகளில் ‘இன்னும் பரிசீலிக்கப்படவில்லை’ என்று வரும், அதாவது பொதுமக்களுக்குக் காட்டலாமா என்று இன்னும் பார்க்கவில்லை. விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எப்போதோ செத்துப்போன தோட்டக்காரரின் கோப்பில் பரிசீலிக்க என்ன இருக்கிறது? இந்தத் தாமதம்தான் ஏஜெண்டுகளுக்குச் சோறு போடுகிறது. ‘சீக்கிரம் எடுத்துத் தருகிறேன்’ என்பார்கள். அவர்களும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அப்புறம், கல்லறை இருந்தால் போய்ப் பாருங்கள். சிட்னியின் ரூக்வுட் கல்லறைத் தோட்டத்தில் பழைய சீனப் பகுதி உண்டு. கல்லில் பெரும்பாலும் உண்மையான குடும்பப் பெயரும் சொந்தக் கிராமத்தின் பெயரும் சீன எழுத்தில் இருக்கும். ஆங்கிலக் காகிதம் எதிலும் அது சரியாகக் கிடைக்காது. காலை வெயில் சாய்வாக விழும்போது படமெடுத்து, சீனம் படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். கல்லறை காலியாக இருந்தால் கலங்க வேண்டாம். அந்தக் காலத்தில் பலரின் எலும்புகளைச் சில வருடம் கழித்து எடுத்துச் சொந்த ஊருக்குக் கப்பலில் அனுப்பினார்கள்.